வரி நிரப்ப மூன்று எழுத்து

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொனி சரியில்லை என்று பிறகு யாரும் குறைப்பட வேண்டாம்.

நான் வருஷக்கணக்காகக் குடியிருக்கும் இந்த ரைன் ஆற்றங்கரை ஊரில், வியாழக்கிழமை மாலைகளில், ஒரு தேவாலயத்தின் பின்கட்டில் எபிரேய வகுப்பு நடக்கிறது. போன குளிர்காலம் அதில் போய்ச் சேர்ந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். என் வீட்டு ஹீட்டர் கெட்டுப்போயிருந்தது, அங்கே கதகதப்பாக இருக்கும். ஒருநாள் டீச்சர் பழைய அச்சுப் புத்தகத்தின் பக்கம் ஒன்றைத் திரையில் காட்டி, "வரி முடிவுல இருக்கே இந்த எழுத்துங்க, இதைப் படிக்காதீங்க. சும்மா இடத்தை அடைக்கப் போட்டது" என்றார்.

விஷயம் இதுதான். எபிரேயத்தில் ஒரு சொல்லை உடைத்துப் பாதியை அடுத்த வரிக்குத் தள்ளும் வழக்கம் கிடையாது. நாம் 'மீட்' என்று இங்கே நிறுத்திவிட்டு 'பு' என்று அடுத்த வரியைத் தொடங்குவோம், கொஞ்சமும் கூசமாட்டோம். அவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். வரி முடிவில் இடம் மிஞ்சி, அடுத்த சொல் அதில் அடங்காவிட்டால், அந்தச் சொல்லின் முதல் இரண்டு மூன்று எழுத்தை மட்டும் அங்கே வைத்து ஓரத்தை நேராக்கிவிடுவார்கள். அடுத்த வரியில் அதே சொல் முதலிலிருந்து முழுசாக வரும். படிக்கிறவர் அந்த நிரப்பு எழுத்துகளைத் தாண்டிப் போய்விட வேண்டும்.

எனக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவர் உட்காருவார். அவர் சிரித்துவிட்டு, "அடடா, முன்னாடியே தெரியாம இருந்திருந்தா இதை வெச்சே மூணு ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பண்ணியிருப்பேனே!" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். டிராமில் வீடு திரும்பும்போது சிரிப்பு அடங்கிவிட்டது. யாரோ ஒருவர் நிஜமாகவே அப்படிச் செய்திருப்பார். கிறிஸ்தவப் பண்டிதர்கள் எபிரேயப் பித்துப் பிடித்து அலைந்த அந்தக் காலத்தில், இதே ஊரில், எவனோ ஒரு பேராசிரியன் அந்த நிரப்பு எழுத்தைப் பார்த்துத் துள்ளியிருப்பான். பக்கத்தில் ஒரு யூதன் உட்கார்ந்து, 'ஐயா, அது அப்படியில்லை' என்று சொல்லிப் பார்த்திருப்பான். அந்த இரண்டாவது ஆளின் முகம் என்னைவிட்டுப் போகவில்லை.

(இப்படி ஒன்று நடந்ததற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. எல்லாம் என் கற்பனை. தயவுசெய்து எனக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம்.)

2

முதல் தொடக்கம்: "ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறுகளின் ஓர் இலையுதிர்காலக் காலையில், ரைன் நதியின் மேல் பனி மெல்ல"

வேண்டாம். அந்த நதியின் மேல் எல்லோரும் பனி போட்டாகிவிட்டது.

இரண்டாவது: "பேராசிரியர் வெண்டலின் க்ரூபர் நல்ல மனிதர்." இப்படித் தொடங்கினால், இந்த ஆள் யாருக்கோ கெடுதல் செய்யப்போகிறார் என்று நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்தால் கண்டுபிடியுங்கள். ஆனால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. முதல் வரைவில் அவரை 'அவர்' என்று எழுதினேன். இரண்டாம் வரைவில் கோபம் வந்து 'அவன்' ஆக்கினேன். லெமல் என்கிற யூதனை 'அவர்' என்றும் பேராசிரியரை 'அவன்' என்றும் எழுதினால் நான் கட்சி கட்டுவதாகச் சொல்வீர்கள். கட்டுகிறேன்தான். இருந்தாலும் போகட்டும், இரண்டு பேருமே 'அவன்'.

மூன்றாவது தொடக்கம்தான் நின்றது.

"கிடைச்சிடுச்சு!" என்று வெண்டலின் க்ரூபர் கத்திய கத்தலில் அடுப்படியில் அவன் மனைவி அப்பொலோனியா கரண்டியைக் கீழே போட்டாள்.

வெண்டலின் பல்கலைக்கழகத்தில் எபிரேயப் பேராசிரியன். மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் லெமல். கோட்டைச் சுவருக்குள் யூதர்கள் குடியிருக்கக் கூடாது என்பது ஊர்ச் சட்டம். பேராசிரியருக்குப் படிக்கத் துணை என்று சொல்லி அவனுக்கு மட்டும் ஓர் அனுமதி வாங்கியிருந்தார்கள். காலையில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருவான், சாயங்கால மணி அடிப்பதற்குள் கோட்டை வாசலைத் தாண்டிவிடுவான். அந்தக் கிராமமும் ஊர்ச் சபையின் நிலம்தான். இவர்கள் முகம் சுளித்தால் அங்கேயும் அவனுக்கு இடமில்லை.

"இங்க பாருங்க லெமல். உங்க ஜெபப் புஸ்தகம். வெனிஸ்ல அடிச்சது. உங்க ஆளுங்க திருத்தினது. 'ஹா-ஏல்'. கடவுள். சரியா? அதுக்குப் பக்கத்துல என்ன இருக்கு?"

லெமல் எட்டிப் பார்த்தான். மூன்று எழுத்து: யோத், ஷின், வாவ்.

"யெஷு," என்றான் வெண்டலின். "கடவுள் யேசு! உங்க ஜெபத்துல!"

"ஐயா, அடுத்த வரியைப் பாருங்க."

"பார்த்தேன்."

"என்ன இருக்கு அங்க?"

"யெஷுஆதேனு. 'நம்ம மீட்பு'."

"அதோட முதல் மூணு எழுத்து?"

"அது வேற விஷயம்."

"வேற விஷயமா! இது வரி நிரப்பப் போட்டதுங்க. இடம் மிஞ்சிச்சு, அடைச்சிருக்கான். உங்க இலக்கணப் புஸ்தகத்துல நீங்களே எழுதியிருக்கீங்களே, மூணாவது அத்தியாயத்துல. 'மாணவர்கள் இந்த எழுத்துகளைச் சொல் என்று மயங்கக் கூடாது'ன்னு. நான்தானே அதுக்குப் புரூஃப் பார்த்தேன்."

"அது பொதுவிதி லெமல். இதைக் கவனிச்சீங்களா? மத்த எழுத்துக்கெல்லாம் கீழே உயிர்க்குறி இருக்கு. இந்த மூணுக்கு மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை. ஏன்? வாய்விட்டுச் சொல்லக் கூடாத பேரு! மறைச்சு வெச்சிருக்காங்க!"

"படிக்கக் கூடாததுன்னுதானே ஐயா புள்ளி வைக்கலை!"

"அதையேதானே நானும் சொல்றேன்!"

லெமல் தலையில் கை வைத்துக்கொண்டான். "இதே பக்கத்துல இன்னும் நாலு நிரப்பு இருக்கு. மேலே ஒண்ணு 'பா'ன்னு நிக்குது. அதுவும் தேவ ரகசியமா?"

வெண்டலின் பேனாவை மையில் தோய்த்தான். "அதையும் ஆராயணும்," என்றான்.

3

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் ஊர் சுற்றினேன். ஒரு பாத்திரத்தோடு இவ்வளவு நேரம் மல்லுக்கட்ட முடியாது. இவ்வளவு படித்தவன், தானே விதியை எழுதியவன், எப்படி இப்படிப் பேசுவான்? முட்டாளா? முட்டாளாக்கிப் பார்த்தேன். லெமலோடு பேசும் பேச்சு செத்துப்போனது. வில்லனாக்கிப் பார்த்தேன். லெமல் அடுத்த நாளே வருவதை நிறுத்திவிட்டான்.

அப்புறம்தான் புரிந்தது. இந்த மனிதனுக்கு அந்த மொழி மேல் அவ்வளவு ஆசை. முகம் மழிக்கும்போதுகூட வினைத்திரிபுகளை ராகம் போட்டுச் சொல்லுவான். காதலித்த பெண் ஒருமுறையாவது நம் பெயரைத் தன் வாயால் சொல்லமாட்டாளா என்று ஏங்குகிறவனைப்போல, இந்த மொழி தன் ஆண்டவரின் பெயரை ஒரே ஒருமுறை சொல்லிவிடாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தான். அதனால்தான் அந்த மூன்று எழுத்தைப் பார்த்ததும் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அவன்மேல் எனக்கு இரக்கம் வந்தது. உடனே எரிச்சலும் வந்தது, ஏனென்றால் அடுத்து அவன் செய்ததைக் கேளுங்கள்.

நவம்பரில் வரும் புனித மார்ட்டின் திருநாள் மதியம். இறையியல் புலத்தின் டீன் ஹார்ட்விக் வீட்டில் வாத்து விருந்து. டீன் நல்ல சாப்பாட்டுக்காரர். வாத்தின் காலைக் கடித்தபடியே ஆரம்பித்தார்.

"ஏன்யா க்ரூபர், இந்த எபிரேயத்தால என்ன பிரயோஜனம்? இத்தனை வருஷத்துல ஒரே ஒரு யூதனை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்திருப்பீரா? உம்ம பதவியை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு கணக்கு வாத்தியாரைப் போடலாம்னு ஊர்ச் சபையில பேச்சு அடிபடுது."

மேஜையில் எல்லோரும் வெண்டலினைப் பார்த்தார்கள். அந்த நொடியில் அவன் மட்டும் வாயில் ஒரு துண்டு முட்டைக்கோஸை வைத்து அடைத்துக்கொண்டிருந்தால்

அடைத்துக்கொள்ளவில்லை. "அவங்க ஜெபப் புஸ்தகத்துலயே நம்ம ஆண்டவர் பேரைக் கண்டுபிடிச்சிட்டேன்," என்றான்.

டீன் வாத்துக் காலைத் தட்டில் வைத்தார். "நிஜமாவா? உம்ம யூதன் அதை ஒத்துக்குவானா?"

"ஒத்துக்குவான். அவன் நல்ல மாதிரி. நான் சொன்னா கேப்பான்."

(கவனித்தீர்களா? அறைக்குள் 'வாங்க லெமல், பாருங்க லெமல்'. வாத்துக்கு முன்னால் 'அவன்'. இதை நான் திட்டமிட்டு எழுதவில்லை. பேச்சைத் தமிழில் எழுதினால் யாருக்கு எங்கே மரியாதை என்று தானாக வெளியே வந்துவிடுகிறது. வேறு சில மொழிகளில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, கொடுத்து வைத்தவர்கள்.)

"அப்போ நல்லதாப் போச்சு," என்றார் டீன். "அடுத்த வாரம் பெரிய மண்டபத்துல எல்லாரையும் கூட்டறேன். அவனே நம்ம முன்னாடி அந்த வரியைச் சத்தமா வாசிக்கட்டும்."

4

வெண்டலின் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது லெமல் தன் மதியச் சாப்பாட்டை, வீட்டிலிருந்து கொண்டுவந்த அவித்த முட்டையும் வெங்காயமும், பிரித்துக்கொண்டிருந்தான். மறுபடி மூடி வைத்துவிட்டான்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க ஐயா."

"பயப்படாதீங்க. வெறும் வாசிப்புதான்."

"வெறும் வாசிப்பா? நான் அந்த மூணு எழுத்தையும் சேர்த்து வாசிச்சா, கடவுள் யேசுன்னு என் வாயால சொன்னதா ஆயிடும். மண்டபத்துலேர்ந்து நேரா ஞானஸ்நானத் தொட்டிக்குத்தான் இழுத்துட்டுப் போவாங்க. எங்க வழக்கப்படி தாண்டி வாசிச்சா, பாரு, மறைக்கிறான்பாங்க. உங்க ஆண்டவரைக் கேலி பண்ண எழுதி வெச்சிருக்கானுங்கன்னு எவனாவது கிளப்பிவிட்டா போதும், எங்க புஸ்தகத்தையெல்லாம் எரிக்க வண்டியில ஏத்திடுவாங்க. என்னையும் கிராமத்தையும்…" அவனுக்கு மனைவியும் மூன்று பெண்களும் இருந்தார்கள்.

"நிரப்பு எழுத்துன்னு நீங்க விளக்கிச் சொல்லலாமே," என்றான் வெண்டலின்.

"நான் சொல்றதா? உங்ககிட்டயே சொன்னேனே, நீங்க நம்பினீங்களா?"

கதவோரம் நின்றிருந்த அப்பொலோனியா உள்ளே வந்தாள். எபிரேயத்தில் ஒரு எழுத்துகூட அவளுக்குத் தெரியாது. கணவனை அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும்.

"ஏங்க, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? வாத்துத் தின்னப் போன இடத்துல வாயைக் குடுத்துட்டு வந்து, இப்ப அவர் தலையை உருட்டப் பார்க்கிறீங்க. போய் அந்த டீன்கிட்டச் சொல்லுங்க, தப்பாப் பார்த்துட்டேன்னு."

"பதவி போயிடும் அப்பொலோனியா."

"போகட்டுமே. எங்க அண்ணன் பீர்க் கடையில உட்காருங்க."

"எபிரேயம் போயிடும்!" என்று வெண்டலின் இரைந்தான். "இந்த ஊர்ல அப்புறம் எவன் அதைப் படிப்பான்? எவன் சொல்லிக் கொடுப்பான்?"

லெமல் தொப்பியை எடுத்துக்கொண்டான். "நீங்க எங்க மொழியைக் காப்பாத்துங்க ஐயா," என்றான். "நான் போய் வீட்ல சொல்லணும்."

(இந்த வசனத்தை மூன்று முறை வெட்டினேன். ரொம்ப நாடகமாக இருக்கிறது என்று தோன்றியது. லெமல் ஒவ்வொரு முறையும் அதையே சொன்னான். சொல்லிவிட்டுப் போ என்று விட்டுவிட்டேன்.)

5

மண்டபம் நிறைந்திருந்தது. கறுப்பு அங்கிகள், இருமல்கள், ஈரக் கம்பளி வாசம். ஜெபப் புத்தகம் நடுவில் ஒரு சாய்மேஜை மேல் விரித்துக் கிடந்தது. லெமலைப் பக்கக் கதவோரம் நிறுத்தியிருந்தார்கள்.

அன்று காலை வெண்டலின் தன் இலக்கணப் புத்தகத்தை எடுத்து மூன்றாவது அத்தியாயத்தைப் படித்திருந்தான். படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். புதிதாக எதுவும் தெரிந்துகொள்ளவில்லை. முதல் நாளிலிருந்தே தெரிந்ததுதான்.

டீன் லெமலைக் கூப்பிட வாயைத் திறந்தபோது வெண்டலின் எழுந்தான்.

"நான் தப்பு பண்ணிட்டேன்," என்றான். "அது ஆண்டவர் பேரு இல்லை. வரி நிரப்பப் போட்ட எழுத்து. அவர் வாசிக்கத் தேவையில்லை."

அப்பாடா! நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த நாற்காலியிலிருந்து நிஜமாகவே எழுந்துவிட்டேன். சமையலறைக்குப் போய் டீ போட்டேன். ஒருவழியாக இந்த மனிதன் உருப்பட்டான், இன்னும் ஒரு பக்கம் எழுதினால் கதை முடிந்தது, லெமல் சாயங்கால மணிக்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டே இரண்டு பிஸ்கட்டும் எடுத்துவந்தேன்.

நான் திரும்பி வருவதற்குள் டீன் பேச ஆரம்பித்திருந்தார்.

"நிரப்பு எழுத்தா? யார் சொன்னது உமக்கு?"

"யாரும் சொல்லலை. என் இலக்கணத்துல நானே எழுதியிருக்கேன்."

"அந்தப் புஸ்தகத்துக்குப் புரூஃப் பார்த்தது யாரு?"

வெண்டலின் சாய்மேஜை மேல் கிடந்த புத்தகத்தைப் பார்த்தான்.

"கேக்கறேன்ல, யாரு?"

"லெமல்."

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. டீன் மெதுவாகத் தலையாட்டினார். கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "வருஷக்கணக்கா ஒரு யூதனோட ஒரே மேஜையில உக்காந்திருக்கீர். போன வாரம் ஆண்டவர் பேரைப் பார்த்தேன்னீர். இந்த வாரம் பார்க்கலைங்கிறீர். நடுவுல உம்மகிட்டப் பேசினது யாரு? யூதனை நம்ம பக்கம் கொண்டுவரச் சொல்லித்தானே உம்மை வெச்சோம் க்ரூபர். இப்ப யாரு யாரு பக்கம் போயிருக்கா?"

"அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே"

"அப்ப ஒண்ணு பண்ணும். அவன் வேண்டாம். நீர் வாரும். இன்னும் கிறிஸ்தவன்தான்னா, அந்த வரியை நீரே வாசியும். சத்தமா. எழுதியிருக்கிறது அத்தனையும்."

6

இனி முடிவு.

முதலில் வெண்டலினை அந்த மூன்று எழுத்தையும் வாசிக்க வைத்தேன். மண்டபம் ஆமென் என்றது. பதவி நின்றது. அப்புறம் டீன் பக்கக் கதவைப் பார்த்து, "பேராசிரியரே வாசிச்சிட்டார், இனி உனக்கென்ன தடை?" என்றார். லெமல் மாட்டேன் என்றான். அன்று சாயங்காலமே அனுமதி ரத்து. கிழித்துப் போட்டேன்.

தாண்டி வாசிக்க வைத்தேன். வெண்டலின் பதவி போனது, அப்பொலோனியாவின் அண்ணன் பீர்க் கடையில் அவனுக்கு ஒரு முக்காலி கிடைத்தது. பேராசிரியரின் மனத்தைக் கெடுத்தவன் என்று லெமலைக் கிராமத்திலிருந்தே துரத்தினார்கள். அதையும் கிழித்தேன்.

மயக்கம் போட்டு விழ வைத்தேன். வெட்கக்கேடு. அதிலும் டீன் சும்மா இருக்கவில்லை, யூதன் சூனியம் வைத்துவிட்டான் என்றார்.

கடவுளே, எப்படி எழுதினாலும் லெமல்தான் மூட்டை கட்டுகிறான்! நேர்மையாக இருந்தாலும் அவன்தான், கோழையாக இருந்தாலும் அவன்தான். எல்லாம் அந்த வாத்துச் சாப்பாட்டிலேயே முடிந்துவிட்டது. அந்த மேஜையில் இருந்த யாருக்கும் அது உறைக்கவில்லை, எழுதிய எனக்கே உறைக்கவில்லை. ஆத்திரத்தில் டீயைக் கொட்டிவிட்டேன்.

அப்படியானால் வெண்டலின் கையில் மிச்சமிருப்பது ஒன்றுதான். இத்தனை வருஷம் கூட உட்கார்ந்து படித்த லெமல் அந்த வரியைச் சரியாகக் கேட்டுவிட்டுப் போவானா, தப்பாகக் கேட்டுவிட்டுப் போவானா என்பது. அதனால் யாருக்கும் சோறு கிடைக்காது. ஆனால் லெமல் போகாமல் கதவோரம் நின்றுகொண்டிருக்கிறான், தொப்பியைக்கூடப் போட்டுக்கொண்டாகிவிட்டது.

வெண்டலின் சாய்மேஜைக்கு வந்தான். வரியைத் தொடங்கினான். லெமலின் கிராமத்து உச்சரிப்பு அப்படியே அவன் நாக்கில் வந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். 'ஹா-ஏல்' வரைக்கும் வந்து மூச்சு வாங்க நிறுத்தினான்.

இதற்கு மேல் என் கையை நான் நம்பமாட்டேன். அவன் நல்லவனாக இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. அவனும் இப்படி ஆசைப்பட்டுத்தான் இல்லாத ஒன்றை அந்தப் பக்கத்தில் படித்தான். அதனால் நீங்கள் வாருங்கள். பக்கம் இதுதான்:

ஹா-ஏல் யெஷு
யெஷுஆதேனு

மனசுக்குள் படிக்காதீர்கள். சத்தமாகப் படியுங்கள், லெமல் கதவோரம் நிற்கிறான்.